மாதர் நலம்: சொல்லக் கூசும் ஒரு தொல்லை



சென்ற ஆண்டு கும்பகோணத்தில் நம் தமக்கை மகளின் திருமணம் நடைபெற்றது. நம் தாயார் வரவில்லை. "முழங்கால் வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்றார், நாமும் நம்பினோம். காரணம் முழங்கால் அன்று என்பது பல திங்கள் கழித்து, அதுவும் நம் இல்லாள் வாயிலாகவே, தெரிய வந்தது. இரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சிறுநீர் அவசரம். உணர்வு எழுந்த கணமே ஓடவேண்டும். தாமதித்தால் புடைவை நனைந்துவிடும். இரவில் மூன்று நான்கு முறை எழுவார். மகனிடம் சொல்லக் கூடிய சங்கதியா இது என்று மறைத்துவிட்டார்.

ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து என்ன பயன்! நாகபுரியிலிருந்து ஊருக்குப் புறப்படும் போதெல்லாம், கழிவறை நாற்றம் அவருக்கு எட்டலாகாதென்று சக பிரயாணிகளிடம் மன்றாடி, பெட்டியின் நடுவிலே இடம் மாற்றிக் கொடுத்து வந்தோம். பெரிய உபகாரம் செய்ததாக எண்ணம் வேறு. அவரோ நள்ளிரவில் உறங்குவோர் கால்களையும் மூட்டைகளையும் தாண்டி நடக்க அஞ்சி, முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் பருகாமல் வந்திருக்கிறார். இதுவும் தவறான வழியே. நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து பையை மேலும் உறுத்தும்.

முதலில் பார்த்த டாக்டர், "வயதானால் இப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். வயது ஏற ஏற இது மிகுதியாகக் காணப்படுவது மெய். ஆயினும் பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டிய விதி அன்று. ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்னும் பெயருடைய நோய் இது. இரண்டாவதாகக் கண்ட டாக்டர் அம்மாள் சிறுநீரில் கிருமி உண்டா, இரத்தத்தில் சர்க்கரை உண்டா என்று பரிசோதித்தார். பின்னர், என்ன பருகினார், எப்போது எவ்வளவு சிறுநீர் பிரிந்தது என்று மூன்று நாள் கணக்கு எழுதி வரச் சொன்னார். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, எரிச்சலும் காய்ச்சலும் இருந்தாலோ அது வேறு நோய். உடனே வைத்தியரிடம் செல்க.

நாம் மெட்ரிகுலேஷன் தேறினோமேயன்றி வைத்தியர் அல்லோம். அறிந்தவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைக் கூறுகிறோம். சிறுநீர்ப்பையின் சுவர் தசையாலானது. அசிட்டைல்கோலின் என்னும் நரம்பு இரசாயனம் ஏவும்போது அது சுருங்கும். பை நிரம்புமுன்பே தசை தானாகச் சுருங்க முற்படுவதால் இந்த அவசரம் பெரும்பாலும் உண்டாகிறது. ஏன் அவ்வாறு முந்துகிறது? ஒரு விளக்கம் கவனிக்கத் தக்கது. பை நிரம்புகையில் அதன் சுவரில் இரத்த ஓட்டம் குன்றும், காலியானதும் மீளும். முதுமையாலோ நீரிழிவாலோ குழாய்கள் குறுகியிருப்பின், இக்குறைவும் மீட்சியும் மாறி மாறி நிகழும்போது பிராணவாயுவிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகள் அளவு கடந்து பிறந்து, தசையையும் நரம்பையும் ஊறு செய்கின்றன. இதனை ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்பர். இரும்பு துருப்பிடிப்பதை நினைத்துக் கொள்ளலாம். உவமை முழுதும் பொருந்தாது. முயல், எலி முதலியவற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பார்த்த சோதனைகளில் பை இவ்வாறு நிலைகெட்டது. மருந்துகள் இவ்வழுத்தத்தையும் தணிக்கின்றனவா என ஆராய்ந்து வருகின்றனர். இதைக் கேட்டுவிட்டு, கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்குவோர் உண்டு. அவற்றால் மனிதருக்கு இந்நோய் தீரும் என்பது நிலைநாட்டப்படவில்லை.

மருந்துகள் இரு வகை. அசிட்டைல்கோலினின் ஏவலைத் தடுப்பவை ஒரு வகை: அமெரிக்காவில் 1975-இல் அனுமதி பெற்ற ஆக்ஸிபியூட்டினின், 1998-இல் வந்த டோல்டெரோடின், 2004-இல் வந்த சோலிஃபெனாசின் முதலியன. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவை இவற்றின் தொல்லைகள். கண் அழுத்த நோயுள்ளவர் முன்னதாகவே டாக்டரிடம் கூறிவிட வேண்டும். முதியோர் நெடுங்காலம் உட்கொண்டால் மறதி நோய்க்கு இடமாகுமோ என்ற ஐயத்தையும் சில ஆய்வுகள் எழுப்பியுள்ளன. மற்ற வகை, 2012-இல் அங்கே அனுமதிக்கப்பட்ட மிராபெக்ரான் போன்றது. தசையைத் தளர்த்திப் பையில் இடமுண்டாக்கும். வாய் அவ்வளவாக உலராது. இரத்த அழுத்தம் உயரக் கூடுமாதலின் அதைக் கவனித்துவர வேண்டும். எதுவாயினும் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

நம் தாயார் முதலில் கொடுத்த மாத்திரையைப் பத்தாம் நாளே நிறுத்திவிட்டார். "நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது" என்றார். அப்போதும் நம்மிடம் சொல்லவில்லை, மருமகளிடம்தான். டாக்டர் அம்மாள் கோபிக்காமல் மற்ற வகைக்கு மாற்றினார். மருந்துக்கு முன்பே தொடங்க வேண்டியவையும் உண்டு என்றார்: இடுப்புத் தரைத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, அவசரம் எழும்போது சற்றே பொறுத்து இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுதல், காப்பியைக் குறைத்தல். முன்னிரண்டுக்கும் இசைந்தார். காப்பியில்தான் வழக்கு வந்தது. ஐந்து வேளையை இரண்டாக்க ஒரு மாதம் ஆயிற்று.

சென்ற மாதம் பேத்தியின் வளைகாப்புக்கு அவரை அழைத்துச் சென்றோம். 45 வயது கடந்து தனியே செல்லும் பெண்டிருக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டென்பதை இங்கே நினைவூட்டுகிறோம். பலர் கேட்பதே இல்லை. நமக்குக் கிடைத்தது நடுப்பெட்டியில்தான். இம்முறையும் மன்றாடினோம், கதவருகே உள்ள 4-ஆம் எண்ணுக்காக. கேட்டவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியுடன் மாற்றிக்கொண்டார். இரவில் ஒரு முறைதான் எழுந்தார். விஜயவாடாவில், "காப்பி வாங்கட்டுமா அம்மா?" என்றோம்.

"அரை டம்ளர்" என்றார்.