ஓவியத்தில் நிற்கும் வீடு

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் கூரை வீடும் ஓட்டு வீடும் குறைந்து வருகின்றன. அரசாங்கம் 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் காங்கிரீட் வீடுகள். வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய். நல்லதுதான். ஒழுகும் கூரையின் கீழ் படுக்க யாருக்கு ஆசை?

ஆனால், பழைய வீடு எப்படி இருந்தது என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்களே! ஓவியர் இளையராஜாவின் படங்களைக் காட்டலாம். (இசையமைப்பாளர் அல்ல, இவர் வேறு.) கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவர் தீட்டியது அரண்மனை அல்ல. அடுப்படி, வாசற்படி, கூரை இடுக்கில் விழும் வெயில், அந்த வெயிலில் நிற்கும் கறுத்த பெண். சிவப்பழகுக் களிம்பு விற்கும் நாட்டில் அந்தக் கறுப்பைத்தான் அவர் அழகாக்கினார். பலர் புகைப்படம் என்றே நினைத்து ஏமாந்தார்கள்.

2021 ஜூனில் கொரோனா அவர் உயிரைக் குடித்தது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.