அம்மாவுக்கு அந்த இருக்கை

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களுக்கு, வாலாஜாபாத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் போவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. சிங்கப்பூர் வழியென்றால், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டும் ஏறக்குறைய 15 மணி நேரம். இறங்கும்போது பாதம் வீங்கிச் செருப்பு நுழையாது. அறுபதைத் தாண்டிய முழங்காலுக்குக் கால் நீட்டிப் படுக்கும் இருக்கையை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளே, அலுவலக விமானப் பயணங்களில் சேர்த்த மைல்களை இந்த அம்மாக்களின் டிக்கெட்டை உயர்வகுப்புக்கு மாற்றச் செலவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில், உங்கள் மைல்களைப் பயன்படுத்த 5 பேர் வரை பெயர் சேர்க்கலாம். மைல்களுக்கு ஆயுள் 3 ஆண்டுதான். மிக மலிவான ‘லைட்’ டிக்கெட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதை மைல் கொடுத்து உயர்த்த முடியாது. உயர்வகுப்பில் இடமும் கொஞ்சம்தான். டிக்கெட் போட்ட கையோடு உயர்வகுப்புக்கு அம்மாவின் பெயரையும் பதிந்துவிடுங்கள்.