பைக் வேண்டாம், வேலி கட்டுவோம்

நம் ஊர் அம்பலகாரர்களுக்கும் விழாக்குழுத் தம்பிகளுக்கும் மாடு வளர்க்கும் வீட்டு அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

மாசி மஞ்சுவிரட்டுக்கு முதல் பரிசாக பைக் வைக்கப்போவதாகவும், சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் வசூல் செய்து தர வேண்டும் என்றும் தகவல் வந்தது. என் பங்கைக் கட்டாயம் தருகிறேன். பைக்குக்கு மட்டும் வேண்டாம்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ராத்திரிகளில், இங்கே துவாஸ் டார்மிட்டரியில் நாங்களும் தூங்கவில்லை. சட்டம் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அடிமாட்டுக்குப் போக இருந்த புலிக்குளம் கன்றுகள் தொழுவத்திலேயே நின்றன. உலகம் திரும்பிப் பார்த்ததால் வந்த நன்மை அது. நான் மறக்க மாட்டேன்.

ஆனால், அப்பாவின் செவலைக்காளை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது அம்மாதான். வருசத்துக்கு ஒரு நாள்தான் அது வெளியே போகும், கழுத்தில் துண்டோடு. ஒரு வருசம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் திமிலைத் தழுவி அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டான். அப்பா அவனை வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டார். "என் மாட்டைத் தொட்டவன்டா இவன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அந்தத் துண்டு அவன் தலையில் நாலு நாள் இருந்தது.

போன வருசம் லீவில் வந்தபோது சித்தப்பா மகனின் காளையை ராத்திரி இரண்டு மணிக்கு மினி லாரியில் ஏற்றக் கண்டேன். அந்த மாதத்தில் அது ஐந்தாவது வாடி. இறங்கி நின்ற மாட்டுக்கு முன்னங்கால் நடுங்கியது. ஜனவரியில் தொடங்கினால் மே வரை இப்படித்தான் ஓடுகிறது. காரும் டிராக்டரும் பரிசாக வந்த பிறகு மாட்டுக்கு ஓய்வு ஏது?

நம்முடையது திறந்த பொட்டல். வாடிவாசல் போலக் கம்பித் தடுப்பு கிடையாது. கட்டுமாடு எந்தப் பக்கமிருந்து வரும் என்று நமக்குத் தெரியும், விழுந்தால் எழக்கூடாது என்பதும் தெரியும். செல்போனில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குத்துப்பட்டுச் செத்த செய்தியை வருசா வருசம் இங்கிருந்து படிக்கிறோம். ஒவ்வொரு முறையும் முதலில் ஊர்ப் பெயரைத்தான் பார்க்கிறேன். பைக் வைத்தால் இன்னும் நாலு மாவட்டத்துக் கூட்டம் வரும். வருகிறவர்கள் அது யார் வீட்டு மாடு என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

வேட்டி துண்டு மரியாதையே இருக்கட்டும். முதலில் நம் ஊர்க் காளைகளை அவிழ்த்துவிடுங்கள். பைக்குக்கு ஆகும் பணத்தில் கம்பி வேலி போடுவோம். தைக்குள் பணம் அனுப்பிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் கண்மாய்க்கரை மேட்டிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.