மலிவு டோனர் மலிவுதானா?

கலர் ஜெராக்ஸ் எந்திரத்தில் ஊற்றும் மை கிடையாது. இருப்பது பொடி! அந்தப் பொடிக்குத்தான் "டோனர்" என்று பெயர்.

டோனர் வாங்கப் போகும் கடைக்காரர் முதலில் கேட்பது, "டப்பா என்ன விலை?" என்பதுதான். அந்தக் கேள்வி மட்டும் போதாது. "என் எந்திரத்துக்குப் பொருந்துமா? எத்தனை பக்கம் வரும்?" என்றும் கேட்க வேண்டும்.

பொடி எழுத்தான கதை

1938-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி. அமெரிக்காவில், நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். கந்தகம் பூசிய தகட்டைத் துணியால் தேய்த்து மின்சாரம் ஏற்றினார். எழுத்துள்ள கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார். பிறகு, லைகோபோடியம் என்ற செடியின் பொடியைத் தூவினார். வெளிச்சம் படாத எழுத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டது!

இன்றும் அடிப்படை அதுதான். ஆனால் இப்போதைய பொடி, நிறம் கலந்த பிளாஸ்டிக். மின்சாரம் அதை இழுக்கிறது. சூடான உருளை அதை உருக்கிக் காகிதத்தில் பதிக்கிறது.

நான்கே நிறம்

நீலம், ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இந்த நான்கும் சேர்ந்தே எல்லா நிறமும் வருகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. நீலம் தீர்ந்துவிட்டால் பச்சைக்கிளி மஞ்சள் கிளி ஆகிவிடும்!

பொருந்தாவிட்டால்...

ஒவ்வொரு எந்திரத்தின் சூடும் ஒரு அளவு. அந்தச் சூட்டில் உருகாத பொடியைப் போட்டால், விரலால் தேய்த்தாலே எழுத்து உதிரும். மின்சாரம் சரியாக ஏறாத பொடி, வெள்ளைக் காகிதத்தில் அழுக்குப் படிந்ததுபோல் பரவும். டிரம்மும் கெடலாம்.

மகளின் சான்றிதழை நகல் எடுத்துச் சென்றவர், எழுத்து உதிர்ந்தால் மறுபடி அந்தக் கடைக்கு வருவாரா?

கணக்குப் பாருங்கள்

ஒரு டப்பா 2,000 ரூபாய். 1,000 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 2 ரூபாய். இன்னொரு டப்பா 3,000 ரூபாய்; 2,000 பக்கம் வரும். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்தான். எது மலிவு?

ஒன்றை மறக்க வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, பொதுவாக ஒவ்வொரு நிறமும் காகிதத்தில் 100-க்கு 5 பங்கு இடத்தை மூடும் என்று வைத்துப் போட்டது. பக்கம் நிறையப் படம் எடுத்தால் டோனர் வேகமாகத் தீரும்.

மறுபடி நிரப்பலாமா?

காலி டப்பாவில் பொடி நிரப்பி விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. அமெரிக்காவில் இதுபற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டப்பாவை விற்ற பிறகு, காப்புரிமையைக் காட்டி அதை மறுபடி நிரப்பி விற்பதைக் கம்பெனி தடுக்க முடியாது என்று 2017-ல் தீர்ப்பு வந்தது.

ஆகவே, நிரப்பிய டப்பாவும் வாங்கலாம். ஆனால் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். நகல் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மடித்துப் பாருங்கள். எழுத்து நின்றால், அடுத்த டப்பாவுக்குப் பணம் கொடுங்கள்!