தலைகீழ் பயம்



சபருக்குக் கிளம்பும் ஒரு தம்பியை நினைத்துப் பாருங்கள். உம்மாவின் நகையை அடகு வைத்து விசா வாங்கியாயிற்று. மெடிக்கலுக்குப் போகிறான். ரத்தத்தில் எச்.ஐ.வி. என்று சீட்டு வருகிறது. வளைகுடா நாடுகள் அப்படிப்பட்டவனை வேலைக்குச் சேர்க்காது, போன பிறகு தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடும் என்பது தலத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதன்பின் அவன் என்ன செய்கிறான்? 'அந்த மாத்திரை ஈரலைத் தின்றுவிடும்' என்று எவனோ சொன்னதை நம்பி, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் இருந்து விடுகிறான்.

இன்னொருவரைப் பாருங்கள். கடை முதலாளி. காலையிலிருந்து இரவு வரை கல்லாவில் உட்கார்ந்த உட்கார்ப்பு. கடற்கரை ஊரின் புழுக்கம், வியர்வை. தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக் கடையில் போய், 'நல்ல டியூபாக ஒன்று கொடுங்க தம்பி' என்கிறார். இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. பிறகு திரும்ப வருகிறது. மறுபடியும் டியூப். இப்படியே ஒரு வருஷம்!

முதலாமவன் உயிர் காக்கும் மருந்துக்குப் பயப்படுகிறான். இரண்டாமவர் பயப்பட வேண்டிய மருந்துக்குப் பயப்படவில்லை. இந்தத் தலைகீழ் பயத்தைத்தான் நாம் பேசியாக வேண்டும்.

மாத்திரை என்ன செய்கிறது?

1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது, அதற்கென அனுமதி பெற்ற மருந்து உலகில் எங்குமே இல்லை. 1987ல் ஜிடோவுடின் வந்தது. 1996 வாக்கில், மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கிருமி அடங்கும் என்று தெரிந்தது. ஆனால் விலை? ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்! 2001ல், காஜா அப்துல் ஹமீது தொடங்கிய சிப்லா கம்பெனியின் தலைவராக இருந்த அவருடைய மகன் யூசுப் ஹமீது, அதே மூன்று மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஒரு வியாபாரி நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 2004 ஏப்ரலில் மத்திய அரசு இம்மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று.

இந்தக் கிருமி நம் ரத்த அணுவுக்குள் புகுந்து, தன்னைப் படியெடுத்துப் பெருகுகிறது. டெனோபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்தப் படியெடுப்பைத் தடுக்கின்றன. டொலுடெக்ரவிர், கிருமி நம் அணுவின் மரபுக்குள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. மூன்றும் சேர்ந்து இன்று ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரே வேளை. டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டால் நோன்பு மாதத்திலும் தவறாமல் சாப்பிடலாம். ஆனால் கிருமி உடம்பில் ஒளிந்தே கிடக்கும். நிறுத்தினால் எழுந்து விடும். அதனால்தான் ஆயுள் முழுவதும் மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், தாம்பத்தியத்தில் மனைவிக்குப் பரவாது. இது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

பக்க விளைவு பொய்யா?

பொய்யில்லை. ஜிடோவுடின் ரத்தச்சோகை தந்தது. ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்ட வைத்து, கால் நரம்பை எரிய வைத்தது. 2009ல் உலக சுகாதார நிறுவனமே அதைக் கைவிடச் சொன்னது. நெவிராபின் சிலருக்குத் தோலையும் ஈரலையும் தாக்கியது. இன்றைய மருந்திலும் டெனோபோவிருக்காகச் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; டொலுடெக்ரவிரால் சிலருக்குத் தூக்கம் கெடும், எடை கூடும். இவற்றுக்கு அளவு குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ டாக்டரின் வேலை. நாமாக நிறுத்தினால் என்ன ஆகும்? எதிர்ப்புச் சக்தி விழும். அப்போது பூஞ்சை வரும்! முதலில் வாயில் வெள்ளைப் படலம்; அதற்கு ஃப்ளூகோனசோல் போதும். மூளை உறையில் பூஞ்சை ஏறினால் ஆம்போடெரிசின் ஊசிதான். பூஞ்சையின் மேலுறையை ஓட்டை போடும் அந்த மருந்து, நம் சிறுநீரகத்தையும் சும்மா விடாது. 2021ல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது இந்த ஊசிக்காகத்தான் நாடே அலைந்தது. சின்ன மாத்திரைக்குப் பயந்தவன் பெரிய ஊசியில் போய் விழுகிறான்.

டியூபுக்குள் இருப்பது

முதலாளி வாங்கிய டியூபைத் திருப்பிப் படியுங்கள். பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசோல் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அது அரிப்பை அமர்த்தும். தோலின் எதிர்ப்பையும் அமர்த்தும். உள்ளே பூஞ்சை கொண்டாட்டமாகப் பரவும். தோல் மெலியும், வரி வரியாகக் கிழியும். பிறகு எந்த மருந்துக்கும் லேசில் மசியாது. 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. நடக்கிறதா?

விழுங்கும் பூஞ்சை மாத்திரையும் விளையாட்டல்ல. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுபவர் ஃப்ளூகோனசோலை விழுங்கினால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். கொழுப்புக்கு சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர் இட்ராகோனசோலைத் தொடவே கூடாது. எச்.ஐ.வி. மாத்திரையிலும் இதே கவனம் வேண்டும்: டொலுடெக்ரவிரோடு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதன் அளவைக் குறைக்க வேண்டி வரும். வயிற்றெரிச்சல் மருந்தை அதே நேரத்தில் குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது. எனவே எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிடும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரரே! அந்த டியூபில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் சில ரூபாய். இழப்பு ஒருவனின் தோல். சீட்டு கேளுங்கள்.

வெளிநாட்டுக் கனவு கலைந்த தம்பியே! விசா போனது, வாழ்க்கை போகவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, இந்தியாவில் இதைக் காட்டி உன்னை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. உன் சம்மதமின்றி வெளியே சொல்லவும் கூடாது. 1097க்குப் போன் செய், காசு கிடையாது.

அந்தத் தம்பி நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அவன் வாய் திறந்து சொல்கிற அளவுக்கு நம் வீடு இருக்கிறதா? சிந்தியுங்கள்!