செல்பேசி யார் பையில் இருக்கிறது?



இளைப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை இன்ஹேலர்களை எழுதிக் கொடுக்கின்றனர். ஒன்று, மூச்சு முட்டும்போது சில நிமிடங்களில் குழாயை விரித்துவிடும் நீல நிறத்துச் சால்பியூட்டமால். மற்றொன்று, மூச்சுக் குழாயின் உள்வீக்கத்தை மெல்ல மெல்ல அடக்கும் தடுப்பு மருந்து. இதனைப் பிள்ளை நலமாக ஓடியாடும் நாளிலும் காலை மாலை தவறாது கொடுத்தல் வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலாவது மருந்து தலையணைக்கடியில் பத்திரமாக இருக்கும். இரண்டாவது, இருமல் நின்ற மறு வாரமே அலமாரிக்குப் போய்விடும். எடுத்தவுடன் சுகம் தெரியாத மருந்தின் மீது யாருக்குத்தான் பிடிப்பு உண்டாகும்?

"அது ஸ்டீராய்டு ஆயிற்றே, உஸ்தாத்!" என்று தாய்மார்கள் அஞ்சுகின்றனர். அச்சத்தில் முழுதும் தவறில்லை. நெடுங்காலம் எடுக்கும் பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொள்கின்றனர். ஆதலால்தான் போதுமான அளவில் மிகக் குறைந்ததைத் தேர்கின்றனர். உறிஞ்சும் மருந்து சில நூறு மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். தடுப்பு மருந்தை நிறுத்தி, நள்ளிரவில் இளைப்பு முற்றி மருத்துவமனைக்கு ஓடினால் அங்கே கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையோ பல மில்லிகிராம். அதுவும் உடல் முழுதும் பரவுவது. எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

இனி, செல்பேசிக்கு வருவோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 6 முதல் 15 வயது வரையுள்ள 220 பிள்ளைகளின் இன்ஹேலர்களில் ஒரு சிறு மின்னணுக் கருவியைப் பொருத்தினர். பாதிப் பேருக்கு அது நேரத்தில் ஒலியெழுப்பி நினைவூட்டியது. மீதிப் பேருக்கு வாய் மூடிக் கணக்கு மட்டும் எழுதியது. 2015-இல் வெளியான முடிவு வியப்பளிப்பது: நினைவூட்டப்பட்டவர்கள் எடுத்த மருந்து 84 விழுக்காடு, மற்றவர்கள் எடுத்தது வெறும் 30 விழுக்காடு! இளைப்பின் தொல்லையும் குறைந்தது. ஆயினும், பள்ளிக்கு வராத நாட்களின் எண்ணிக்கையில் வேற்றுமை காணப்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

அந்தக் கருவி நமக்கு எட்டாதெனினும், செல்பேசியில் அலாரம் வைப்பது எந்த வீட்டுக்கும் எட்டும். ஆனால் நம் பகுதியில் அந்தச் செல்பேசி யாருடைய பையில் இருக்கிறது? காலையில் தந்தையுடன் தோல் கம்பெனிக்கோ ஷூ கம்பெனிக்கோ போய்விடுகிறது. மாலையில் அலாரம் அங்கே ஒலிக்கும். பிள்ளை இங்கே இருமும். எனவே மணி தாயின் செல்பேசியில் அடிக்கட்டும். அது பொத்தான் வைத்த பழைய செல்பேசியாயினும் போதும். தந்தை செய்யக்கூடியது, அந்நேரம் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது. மருந்து கொடுத்தாயிற்றென்றால் வீட்டிலிருந்தும் ஒரு மிஸ்டு கால் போகட்டும், காசு செலவில்லை.

இது என் கற்பனையன்று. காசநோய் மாத்திரைக்கு நம் நாட்டில் 99டாட்ஸ் என்ற ஏற்பாடு இருந்தது. மாத்திரையைப் பிய்த்தெடுத்தால் உறையில் மறைந்திருக்கும் எண் தெரியும். அதனை நோயாளி கட்டணமின்றி அழைப்பார். உண்டதாகக் கணினி பதிந்துகொள்ளும். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அழைப்புக் கணக்கும் உண்மையும் பல இடங்களில் பொருந்தவில்லை. உண்டும் அழைக்காதவர் இருந்தனர். அழைப்பு ஒரு நினைவூட்டல், சாட்சி அன்று.

பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதல். அலாரத்தை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடர்வார்கள். சிலர் காற்றில் இரண்டு முறை அழுத்திவிட்டு "எடுத்தாச்சும்மா" என்பார்கள். பெரியவர் ஒருவர் எதிரே நின்று, ஸ்பேசர் என்னும் குழாய் வழியாக உறிஞ்சச் செய்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். கொப்பளிக்காவிடில் வாயில் வெண்புண் வரலாம். இதற்கு நான் கண்ட எளிய வழி, மருந்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷின் அருகிலேயே வைப்பதுதான். மருந்து, பிறகு பிரஷ், பிறகு கொப்பளிப்பு என்று தானே வரிசை அமைந்துவிடும்.

செல்பேசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. 120 முறை அழுத்தக்கூடிய இன்ஹேலரை நாளுக்கு நான்கு முறை அழுத்தினால் முப்பது நாளில் முடிந்துவிடும். 200 என்றால் ஐம்பது நாள். மருந்து தீர்ந்த பின்னும் காற்று மட்டும் "புஸ்" என்று வந்துகொண்டிருக்கும். நாமும் மருந்தென்றே நம்பியிருப்போம். திறக்கும் நாளிலேயே எண்ணி, முடியும் நாளுக்கு மூன்று நாள் முன்பாகச் செல்பேசியில் குறித்து வையுங்கள்.

ரமளானில் பெரிய பிள்ளைகள் நோன்பு வைக்க ஆசைப்படுவார்கள். காலை மாலை மருந்தைச் சஹருக்கும் நோன்பு திறந்த பின்னுமாக மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அலாரத்தையும் மாற்றிவிடுங்கள். இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; பகலில் மூச்சு முட்டினால் அந்த விவாதம் பிறகு ஆகட்டும், நீல மருந்தை உடனே கொடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியே இருக்கிறது.