விலை தெரியாத கணிப்பொறி!

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ என்ன விலை? காய்க்காரம்மா நொடியில் சொல்லிவிடுவார்.

இதே கணக்கை 'விலை = 40' என்று தமிழில் எழுதி, மாணவன் ஒருவன் தானே ஆக்கிய சிறு கணினி மொழியிடம் கொடுக்கிறான். "'வ' என்ற பெயர் எனக்குத் தெரியாதே!" என்று அது விழிக்கிறது. ஏன் தெரியுமா?

நாம் எழுதும் வரியைக் கணிப்பொறி முதலில் சொல் சொல்லாகப் பிரிக்கும். பிரிக்கும் பகுதிக்கு 'லெக்சர்' என்று பெயர். நமக்கு 'வி' ஒரே எழுத்து. யூனிகோடு முறையிலோ அது 2 குறிகள்: 'வ', அடுத்து இகரக் குறி. பைதான் மொழியின் வழக்கமான எழுத்துச் சோதனை, இகரக் குறியை எழுத்தாக ஏற்பதில்லை. அதனால் சொல் 'வ'வோடு அறுந்துவிடுகிறது. 'வ'வுக்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லையே!

உயிர்க்குறிகளையும் மெய்யின் புள்ளியையும் சொல்லோடு சேர்க்கச் சொன்னால் போதும். கணக்கு நடக்கும்.

"தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராது" என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்வார்கள். இது சரியல்ல. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ்க் கணினி மொழி பற்றிய கட்டுரை 2009-லேயே வெளிவந்துவிட்டது. அதில் 'பதிப்பி' என்றால் விடை திரையில் வரும்.

குறை தமிழிலும் இல்லை, மாணவன் மூளையிலும் இல்லை; பிரித்த முறையில் இருக்கிறது. எந்தப் பெயர் தெரியவில்லை என்று கணிப்பொறி சொல்வதே துப்பு. பிழை வந்தால் பயப்படாமல் அதைப் படிக்க, ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். தமிழில் படித்து வரும் பிள்ளைக்கு அந்தத் தைரியம்தான் முதல் பாடம்!